எழுதாம விட்ட ரெண்டு கேள்வி

நாலே நாலு கேள்விதான். பேரென்ன, இதுவரைக்கும் எத்தனை தடவை முங்கியிருக்கீங்க, கடைசியா முங்கினது எப்ப, எதுக்காக முங்க வந்தீங்க. ஆளுக்கு ஒரு நிமிசம்னு வச்சாலும் அஞ்சு பேருக்கு அஞ்சு நிமிசத்துல முடியுற காரியம். ஆனா ஜெர்மன்காரரு ஹெல்முட் வாயைத் திறந்து கால் மணி நேரமாச்சு, இன்னும் அவரு எகிப்துல முங்கின கதையை விட்டு வெளிய வரல. எமி கையில அட்டையும் பென்சிலுமா, படகோட பின்பக்கம் காத்து சிலிண்டர் வரிசையில முதுகைச் சாய்ச்சுக்கிட்டு நின்னா. மஸ்கட்டு மலை பின்னால வறுத்த கருவாடு கணக்கா காஞ்சு கிடக்கு, வெள்ளிக்கிழமை காலையிலயே வெயில் கண்ணைக் குத்துது, தீவுக்கு இன்னும் முக்கா மணி நேர ஓட்டம். இந்த வட்டம் கட்டி உக்காந்து பேரு சொல்லுற பழக்கம் முதலாளி கொண்டு வந்தது. தண்ணிக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் உயிர்த்துணையா போறவங்க, பேரு கூடத் தெரியாமப் போகக்கூடாதாம். பேச்சு நல்லாத்தான் இருக்கு. கேட்டுக்கிட்டு நிக்கிறவளுக்குல்லா தெரியும். பத்தொம்பது வருசமா வாரத்துக்கு ரெண்டு வட்டம், எத்தனை பேரு, எத்தனை எகிப்து. அதுவும் முங்கின கணக்கு சொல்லும்போது எல்லாரும் ஒரு சுத்து கூட்டித்தான் சொல்லுவாங்க. நாப்பதுன்னு சொன்னா இருவத்தஞ்சுன்னு எடுத்துக்கணும். ஹெல்முட்டு அப்படியில்ல, அறுநூத்திப் பதினேழுன்னா அறுநூத்திப் பதினேழுதான், ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல தேதி, ஆழம், தண்ணியோட சூடு, கூட வந்தவங்க பேரு எல்லாம் எழுதியிருப்பாரு. எமி பேரை மட்டும் எமிலின்னு எழுதியிருக்காரு. எமிலி இல்ல ஐயா, எமரன்ஷியான்னு எட்டு வருசமா சொல்லியாச்சு. சொல்லிப் பிரயோசனமில்ல. அந்தப் பேரும் ஆசையா வச்ச பேரா என்ன. ஞானஸ்நானம் கொடுக்கப் போன அன்னைக்கு அவ அப்பா தஸ்நேவிஸ் மச்சாடோ பேரே யோசிக்காமப் போய் நின்னிருக்காரு, சாமியாருக்கு உதவியா நிக்கிற கோயில்பிள்ளை காலண்டரைப் பாத்து இன்னைக்கு இந்தப் புனிதைன்னு சொன்னாரு, இவரு சரின்னுட்டாரு. அவரு எதையும் யோசிக்கிற ஆளில்ல. யோசிக்காமலே செஞ்சுருவாரு. அங்கதான் எல்லா வினையும் ஆரம்பம்.

சரி, அப்பா நெனப்பு வரக்கூடாதுன்னுதான் அட்டையைப் பாத்தா. அட்டையில அஞ்சு தாளு, மேலாப்புல இருக்கிறது கிளாட்வினோட பரீட்சைத் தாளு. கிளாட்வின் யாருன்னா, எதிர்த்த பலகையில உக்காந்திருக்கான் பாருங்க, முப்பத்திமூணு வயசு, மஸ்கட்டுல ரூவிங்கிற பக்கம் ஏசி ரிப்பேரு பாக்கிறான், முகமூடியைத் தலைகீழா நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு, ஹெல்முட்டு பேசுறதுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டுறான், அவன்தான். எமிக்கு சொந்த அத்தை மகன். அப்பாவோட தங்கச்சி பெர்ப்பெத்துவா அத்தைக்கும் இஞ்ஞாசி மாமாவுக்கும் ஒரே மகன். வயசுல மூத்த மாமா மகளாச்சே, எமியை மைனி மைனின்னு கூப்பிட்டுக்கிட்டு ரெண்டு வருசமா பின்னாலயே சுத்துறான், மைனி எனக்கு முங்கச் சொல்லிக்குடுங்க மைனின்னு. அவ நாலு தடவை தட்டிக் கழிச்சா. ஒரு தடவை காத்து சரியில்லன்னா. ஒரு தடவை சொறிமீன் வந்திருக்குன்னா. ஒரு தடவை உனக்குக் காது அடைப்பு இருக்குல்லான்னா, இல்லியே மைனின்னான், இருக்கும்லே, உனக்குத் தெரியாதுன்னா. கடைசியில அவனே போய் பேரு கொடுத்து, எமி லீவுல இருந்த வாரமா பாத்து வேற ஆளுகிட்ட பாடத்தையும் முடிச்சுட்டான். அம்பது கேள்விக்கு நாப்பத்தெட்டு சரி. விட்டது ரெண்டு. தப்பா எழுதல, எழுதவே இல்ல, வெறுமனே விட்டிருக்கான். முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. கடலுக்கடியில இருந்து மேல ஏறும்போது எவ்வளவு வேகத்துல ஏறணும். அதைவிட வேகமா ஏறினா உடம்புக்கு என்ன ஆகும். இந்த ரெண்டுதான். நேத்து சாயங்காலம் இந்தத் தாளைப் பாத்ததுல இருந்து எமிக்குத் தூக்கமில்ல. சட்டம் என்னன்னா, விட்ட கேள்வியை ஆசிரியர் நேருக்கு நேரா கேட்டு, காரணத்தோட அவன் வாயால பதில் வாங்கி, பக்கத்துல டிக் போட்டாத்தான் தண்ணியில இறக்கணும். இன்னைக்கு ஆசிரியர் அவதான். அம்பது கேள்வியில நாப்பத்தெட்டை விட்டுட்டு இந்த ரெண்டைப் போய் விட்டிருக்கானே. கடல் நாய் எத்தனை குட்டி போடும்னு ஒரு கேள்வி வச்சு அதை விட்டிருக்கக்கூடாதா.

ஏன் இந்த ரெண்டைக் கேக்க முடியாதுன்னு சொன்னா, அதுக்கு ஊருக்குப் போகணும். தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவங்க வழக்கம் ஒண்ணு உண்டு. கீழ முங்குறவனோட கயித்தை மேல படகுல யாரு பிடிக்கணும்னா, அவன் பெண்டாட்டியோட அண்ணனோ தம்பியோதான் பிடிக்கணும். கூடப்பிறந்தவன்கிட்ட கொடுக்க மாட்டான், பெத்த அப்பன்கிட்ட கொடுக்க மாட்டான், மச்சினன்கிட்ட கொடுப்பான். ஏன்னா மச்சினன் கையைத் தளர்த்தினா அவன் தங்கச்சி தாலி போயிரும், அதனால தளர்த்த மாட்டான். அப்படி கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. தஸ்நேவிஸ் மச்சாடோ அவரு தங்கச்சி புருசன் இஞ்ஞாசிக்குக் கயிறு பிடிச்சாரு. அவங்க கத்துக்கிட்டது மூச்சைப் பிடிச்சு முங்குற காலத்துல. இடுப்புல கயிறு, கால்ல கல்லு, ஒரு மூச்சு இருக்கிற வரைக்கும் பொறுக்கணும், கயிறு அசைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு இழுக்கணும், ஒரு நொடி தாமதிச்சா பிணம். அது அந்தக் காலத்து நியாயம். அப்புறம் கம்ப்ரசர் வந்துது. படகுல எஞ்சின், எஞ்சின்ல இருந்து ஹோஸ், ஹோஸ்ல வர்ற காத்தை வாயில வச்சுக்கிட்டு பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்துல மூணு மணி நேரம் சங்கு பொறுக்கலாம். காத்து மாறிப் போச்சு, கயிறு பிடிக்கிற கை மாறல. அப்ப எமிக்குப் பதினாலு வயசு, கிளாட்வினுக்கு மூணு வயசு. அன்னைக்கு எஞ்சின் ஒரு இருமு இருமிட்டு நின்னுது. இருமிட்டு மறுபடியும் அதுவா ஓடிட்டுது, கால் நிமிசம் கூட இருக்காது. கீழ மாமாவுக்குக் காத்து வந்துக்கிட்டுதான் இருந்திருக்கும். ஆனா அப்பா யோசிக்கல. ஒரே இழுப்பு. இழுத்த இழுப்புல உள்ளங்கைத் தோலு உரிஞ்சு கயித்தோட போயிட்டுது. மாமா மேல வந்தாரு, சிரிச்சாரு, டீ குடிச்சாரு, மச்சான் என்னைச் சாவுல இருந்து பிடுங்கிட்டாருன்னு கரையில எல்லார்கிட்டயும் சொன்னாரு. பொழுது சாயுறதுக்குள்ள இடுப்புக்குக் கீழ உணர்வில்லாமப் போச்சு. அதுல இருந்து சக்கர நாக்காலிதான்.

ஊருல என்ன சொன்னாங்கன்னா, காலு போனாலும் உசிரு இருக்கே, தஸ்நேவிஸ் இல்லேன்னா அதுவும் இல்லன்னு சொன்னாங்க. அத்தை மாதா கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருசமும் அப்பாவுக்குப் புது வேட்டி எடுத்து அனுப்புவா. முப்பது வருசம், முப்பது வேட்டி. அப்பா அதைக் கட்டிக்கிட்டுப் பூசைக்குப் போவாரு, வழியில பாக்கிறவங்ககிட்ட எல்லாம் உள்ளங்கையை விரிச்சுக் காட்டுவாரு, இந்தக் கைதான், ஒரே இழுப்புன்னு. எமி மஸ்கட்டுக்கு வந்தது ஓட்டல் நீச்சல் குளத்துல துண்டு மடிக்கிற வேலைக்கு. சிரிக்காதீங்க, கடற்கரையில பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாது, பொம்பளைப் பிள்ளையைப் படகுல ஏத்த மாட்டாங்க. இங்க வந்து, கழுத்தளவு நீலத் தண்ணியில, ஒரு ரஷ்யாக்காரம்மா புண்ணியத்துலதான் கையைக் காலை அடிக்கப் பழகினா. அப்புறம் ஒவ்வொரு படியா ஏறி, ஆசிரியர் பயிற்சிக்கு உக்காந்திருக்கும்போதுதான், முதல் படியில இங்கிலீசு விளங்காம மனப்பாடம் பண்ணி எழுதின அந்தப் பாடம் அர்த்தத்தோட வந்துது. ஆழத்துல அழுத்தத்தோட சுவாசிச்ச காத்து ரத்தத்துல கரைஞ்சு கிடக்கும், மெல்ல ஏறினா மெல்ல வெளிய போயிரும், சட்டுனு ஏறினா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்துக்குள்ளயே நுரைச்சு நரம்பை அடைக்கும். நிமிசத்துக்கு ஒம்பது மீட்டர், அதுக்கு மேல கூடாது. பக்கத்துல படம் போட்டிருந்துது, நாக்காலியில ஒரு ஆளு. அவ அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா. ஏசி ஓடிக்கிட்டிருந்துது, யாரோ பிஸ்கட் டப்பாவைத் தள்ளி விட்டாங்க, வாங்கி ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டா. எலுமிச்சை பிஸ்கட்டு. இன்னைக்கும் அந்த வாசனை ஆகாது. இழுத்ததால பிழைக்கல. இழுத்ததாலதான் போச்சு. இதை யாருகிட்ட சொல்லுறது. அப்பாகிட்டயா. எழுபத்தெட்டு வயசு, மிச்சம் இருக்கிற பெருமை அந்த உள்ளங்கை ஒண்ணுதான். அத்தைகிட்டயா. பதினஞ்சு வருசமா அந்தப் பாடத்தை நூறு நூறு பேருக்கு நடத்துறா, சோடா பாட்டில் உதாரணம் கூட அப்படியே சொல்லுறா, ஊருக்கு போன் போட்டா மட்டும் நாக்கு உள்ள போயிரும். போன ஞாயித்துக்கிழமை அப்பா போன்ல, "கிளாட்வின் பய முங்கப் போறானாமே. கயிறு யாரு பிடிக்கா?" "கயிறே கிடையாதுப்பா இதுல." "கயிறு இல்லாம எப்படிட்டி முங்குவான்? நீ பக்கத்துல இரு. கொஞ்சம் சந்தேகம்னாலும் யோசிக்காத, பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்துரு." சரிப்பான்னா. சரிப்பான்னு எப்படி சொன்னோம்னு அன்னைக்கு ராத்திரி பூரா அவளுக்கு அவமேலயே எரிச்சல்.

இங்க ஹெல்முட்டு ஒரு வழியா எகிப்தை முடிச்சாரு. அடுத்தது புனேல இருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி, அவன் பேரை அவ சொல்லுறா, அவ பேரை அவன் சொல்லுறான், நடுவுல குச்சியில கேமராவை நீட்டிக்கிட்டு, எல்லாரும் ஒருக்கா ஹாய் சொல்லுங்கங்கிறாங்க. கேப்டன் சுலைமான் மட்டும் திரும்பிப் பாத்து கையாட்டினாரு, அவருக்கு எல்லாரும் வேணும். அப்புறம் ஷீபா. கொல்லத்துக்காரி, பெரிய ஆஸ்பத்திரியில ஐசியு நர்ஸ், நூத்தி நாலு தடவை, கடைசியா முந்தின மாசம். "எதுக்கு முங்க வர்றேன்னா எமிச்சேச்சி, கீழ யாரும் சிஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க." எல்லாரும் சிரிச்சாங்க. எமிக்குச் சிரிப்பு வரல. இப்ப அவ கணக்குப் போட்டுப் பாத்தா. ஷீபாவுக்கு அடுத்து உக்காந்திருக்கிறது கிளாட்வின். எதுக்கு முங்க வந்தேன்னு கேட்டா இவன் என்ன சொல்லுவான். வேற என்ன சொல்லுவான், இவனுக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணே ஒண்ணுதான். எங்கப்பா சங்கு குளிச்சவரு, இந்த மைனியோட அப்பாதான் எங்கப்பாவை ஒரே இழுப்புல காப்பாத்தினாருன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்லப் போறான். ரூவியில தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான், கறிக்கடைக்காரன்கிட்ட கூட சொல்லியிருக்கான். கறிக்கடைக்காரனுக்கு என்ன தெரியும், ஆஹான்னுட்டுப் போயிருவான். இங்க உக்காந்திருக்கிறது யாரு. அறுநூத்திப் பதினேழு தடவை முங்கினவரு. ஐசியு நர்ஸ். மூணு மணி நேரம், பத்துப் பாகம், ஒரே இழுப்பு, சாயங்காலம் காலு போச்சுன்னு கேட்ட அடுத்த நொடி ரெண்டு பேருக்கும் விளங்கிரும். ஷீபாவாவது வாயை மூடிக்கிடுவா. ஹெல்முட்டு மூடமாட்டாரு, அவருக்கு தப்பைக் கண்டா திருத்தணும், அது வியாதி மாதிரி. ஆனா நண்பரே, அதனாலதானே கால் போச்சு அப்படிம்பாரு, மீன் பேரைச் சொல்லுற மாதிரி. அந்த மூஞ்சியை, தலைகீழ் முகமூடிக்குக் கீழ இருக்கிற அந்த மூஞ்சியை அப்ப பாக்கணுமே. அத்தை இனிமே வேட்டி எடுப்பாளா. இல்ல, அப்பா இனிமே யாருகிட்ட உள்ளங்கையைக் காட்டுவாரு. இந்தப் பயலைத் தனியாக் கூப்பிட்டு நேத்தே சொல்லியிருக்கலாம். போன வருசமே சொல்லியிருக்கலாம். பதினஞ்சு வருசமா சொல்லாம வச்சிருந்து இப்ப ஒரு ஜெர்மன்காரரு வாயில இருந்து இவன் தெரிஞ்சுக்கிடப் போறான், அதுக்கு வட்டம் கட்டி உக்கார வச்சது வேற நாமதான். இதுல இந்த சூரியக் கிரீம் வாசனை வேற, தேங்காயெண்ணெயில மைதாவைக் குழைச்ச மாதிரி. அவ சுலைமானைப் பாத்து, "கேப்டன், சீக்கிரம் போகலாமே"ன்னா. அவரு ஹெல்முட்டைக் கண்ணால காட்டி, "அவசரப்பட்டா அவரு இன்னொரு நாட்டுக்கதையை ஆரம்பிச்சிருவாரு"ன்னாரு.

"நெக்ஸ்டு நம்ம புது ஆளு"ன்னாரு ஹெல்முட்டு, எமி சொல்ல வேண்டியதை அவரே சொல்லிட்டாரு. கிளாட்வின் எழுந்தே நின்னுட்டான். உக்காந்து சொல்லுலே, படகு ஆடுதுல்லான்னு எமி அதட்டினா. உக்காந்தான். கிளாட்வின் வாஸ், பூஜ்யம் தடவை, கடைசியா முங்கினது கிடையாது. அதுக்கே கை தட்டினாங்க. அவனுக்கு வந்த இங்கிலீசுல ஆரம்பிச்சான். எங்கப்பா சங்கு குளிச்சவரு. இப்ப நடக்க மாட்டாரு. என் மைனியோட அப்பாதான் மேல கயிறு பிடிச்சாரு. எமி பென்சிலை அழுத்தின அழுத்துல முனை உடைஞ்சுது. ஹெல்முட்டு முன்னால குனிஞ்சாரு. "கம்ப்ரசரா?" "ஆமா, கம்ப்ரசர். எஞ்சின் நின்னு போச்சு. மாமாவுக்குப் பயம். ஆனாலும் அவரு அவசரப்படல." கிளாட்வின் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, கண்ணுக்குத் தெரியாத கயித்தைப் பிடிச்சு, ஒரு கை மாத்தி ஒரு கை, குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி இழுத்துக் காட்டினான். "ஸ்லோலி. ஸ்லோலி. நடுவுல நிறுத்தினாரு. மறுபடியும் ஸ்லோலி. கீழயே ரொம்ப நேரம் இருந்துட்டதால எங்கப்பாவுக்கு கால் போச்சு. மாமா மட்டும் அப்படி மெல்ல இழுக்கலேன்னா உயிரும் போயிருக்கும். அதனால அவரு மககூட முங்க வந்தேன்." ஹெல்முட்டு நிமிந்து உக்காந்து, "குட் மேன். ரொம்ப கட்டுப்பாடான மனுசன். பயத்துல எல்லாரும் வேகமாத்தான் இழுப்பாங்க"ன்னாரு. ஷீபா கிளாட்வினோட கையையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் அவளே எழுந்து தண்ணி பாட்டிலை எடுத்து எமி கையில கொடுத்துட்டு உக்காந்தா.

முப்பது வருசத்துல அந்தக் கதையில மெல்லங்கிற வார்த்தை வந்ததே கிடையாது. அப்பா வாயிலயும் வந்ததில்ல, அத்தை வாயிலயும் வந்ததில்ல, போன மாசம் ரூவி கறிக்கடையில இவன் வாயிலயே வந்ததில்ல. ஒரே இழுப்புதான், அதுலதான் கதையோட ருசியே இருக்கு. எமி பாட்டிலைத் திறக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா. இவன் விளங்காம விடல, அந்த ரெண்டு கேள்வியை. ஏறுற வேகம் எவ்வளவு. வேகமா ஏறினா என்ன ஆகும். ரெண்டாவது கேள்விக்கு விடை அவன் வீட்டு நடையில முப்பது வருசமா நாக்காலியில உக்காந்திருக்கு, அதை எழுதுன்னா எவன் எழுதுவான். அவ எதிர்த்த பலகைக்குப் போய் குனிஞ்சு, முகமூடியைச் சரி பண்ணுற மாதிரி, தமிழ்ல மெல்லக் கேட்டா. "படிச்சிட்டியாலே." "படிச்சிட்டேன் மைனி." "எப்ப?" "முதல் நாளே. படம் போட்டிருக்குல்லா." "அத்தைக்கு?" "அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். கயித்தோட அந்த முனையில இருந்தது அவருல்லா." அவ கை அவன் தலையிலயே நின்னுட்டுது. "பின்ன எதுக்குலே வருசா வருசம் வேட்டி?" கிளாட்வின் இதையெல்லாம் கேப்பாங்களாங்கிற மாதிரி பாத்தான். "ஒரு வருசம் அனுப்பலேன்னா மாமா ஏன்னு யோசிக்க ஆரம்பிச்சிருவாருல்லா மைனி. ஊருல போய் மெல்லன்னு கில்லன்னு சொல்லி வச்சிராதீங்க, அங்க ஒரே இழுப்புதான்."

பதினஞ்சு வருசம். பதினஞ்சு வருசமா நாக்கை மடிச்சு வச்சது, எலுமிச்சை பிஸ்கட்டைக் கண்டா ஓடினது, சொறிமீன், காதடைப்பு, நேத்து ராத்திரி தூங்காதது, எல்லாம் வீணா. அப்பாவைத் தவிர வீட்டுல அத்தனை பேருக்கும் தெரிஞ்ச ஒண்ணை, அத்தனை பேரும் அவங்கவங்க தனியா தூக்கிச் சுமந்திருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் இறக்கி வைக்காம. என்ன குடும்பம்யா இது. அவளுக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துது, அதுலயும் இந்தப் பய மேல வந்த கோவத்துல அவன் முகமூடிப் பட்டையை ஒரு இறுக்கு அதிகமாவே இறுக்கினா. ஆ மைனின்னான். தலைகீழா மாட்டிட்டுத்தான் இவ்வளவு நேரமும் உக்காந்திருந்தியா, சங்குக்காரன் மகனேன்னா. "எமிலி, நீங்க இன்னும் சொல்லல, நாலு கேள்வி"ன்னாரு ஹெல்முட்டு. அவ அட்டையை எடுத்து, உடைஞ்ச பென்சிலால முப்பத்தொண்ணுக்கு ஒரு டிக்கு, முப்பத்திரெண்டுக்கு ஒரு டிக்கு அழுத்திப் போட்டுட்டு நிமிந்தா. "பேரு எமரன்ஷியா. எமிலி இல்ல. தூத்துக்குடி, தஸ்நேவிஸ் மச்சாடோவோட மக. நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு தடவை. கடைசியா நேத்து." நாலாவது கேள்விக்கு அவ எப்பவும் கடல் பிடிக்கும், மீன் பிடிக்கும்னு ஏதாவது சொல்லிட்டுப் போயிருவா. இன்னைக்கு கிளாட்வினைத் திரும்பிப் பாத்தா. சுலைமான் எஞ்சினைக் குறைச்சாரு, தீவு பக்கத்துல வந்துட்டுது, தண்ணி கண்ணாடி கணக்கா தெளிஞ்சு அடியில பாறை தெரியுது. "கீழ கூட்டிட்டுப் போறவங்களை மெல்ல மேல கொண்டு வர"ன்னா. ஹெல்முட்டு அதை நோட்டுல எழுதிக்கிட்டாரு. இந்த வாட்டி பேரை எப்படி எழுதினாருன்னு அவ எட்டிப் பாக்கல, கிளாட்வினோட சிலிண்டரைத் திறந்து காத்து வருதான்னு பாத்துக்கிட்டிருந்தா.